செத்த கம்பியிலும் ஓடும் ஒலி

நாற்பதுக்கும் மேற்பட்ட கேபிள்கள், அத்தனையும் வெள்ளை. சென்ற மாதம்வரை அவை நீலமாக இருந்தன என்பதும், எந்த அறைக்குப் போகிறது என்று எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒட்டியிருந்தது என்பதும் அவற்றை ஒட்டிய எபனேசருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்கவும் தேவையில்லை, ஏனெனில் ஆயுத பூஜைக்காக ஸ்கேன் சென்டர் முழுவதற்கும் வெள்ளையடிக்க வந்தவர்கள் மாடிப்படிக்கு அடியிலிருந்த இந்தச் சிற்றறைக்குள்ளும் புகுந்து, சுவர் எது, கேபிள் எது என்று பாராமல், எல்லாவற்றின் மீதும் ஒரே வீச்சாகப் பெயின்டைப் பீய்ச்சிவிட்டுப் போயிருந்தார்கள். சீட்டுகள் இன்னும் இருந்தன. நகத்தால் சுரண்டினால் பெயின்டோடு எழுத்தும் சேர்ந்து வந்தது. அவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, இடக்கையில் கேபிள் கொத்தையும் வலக்கையில் பேனாவைப் போன்ற ப்ரோபையும் பிடித்துக்கொண்டிருந்தார். மாடியில், டாக்டர்களின் அறைகளுக்கு வெளியே, கூரையில் பொருத்திய வைஃபை பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் நுனியில் டோனர் என்னும் கையடக்கக் கருவியை மாட்டிவிட்டு வந்திருந்தார். டோனர் கம்பிக்குள் ஒரு கீச்சொலியை அனுப்பும். அந்தக் கம்பியின் மறுமுனை இந்தக் கொத்துக்குள் எதுவோ அதனருகே ப்ரோபின் மூக்கைக் கொண்டுபோனால், ப்ரோப் கத்தும். கருவி அனுப்பும், கருவி பிடிக்கும், கருவியே கத்தும். மனிதன் செய்ய வேண்டியது கேட்பது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் எபனேசரால் செய்ய முடியவில்லை. மூக்கை ஒவ்வொரு கேபிளாக நகர்த்தினார். ஏ.சி.யின் உறுமல் கேட்டது. மேலே படியில் யாரோ இறங்கும் காலடி கேட்டது. தம் மூச்சுக்கூடக் கேட்டது. தாழ்ந்த ஒலிகள் எல்லாம் அவரைக் கைவிடாமல் இருந்தன. மெல்லிய குரலுடைய எல்லாமும் எங்கோ போய்விட்டிருந்தன, சொல்லிக்கொள்ளாமல், ஒவ்வொன்றாக.

முதலில் இது வைஃபை கோளாறு என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் அவர் உள்ளே நுழையும்போதே மேனேஜர் கோமதிநாயகம் வாசலில் நின்றுகொண்டு, "வாரும்வே, ரெண்டு வாரமா வைஃபை வருது போவுது, வருது போவுது, கரண்டுக்குக்கூட ஒரு நேரம் உண்டு, இதுக்கு அதுவும் இல்ல. டாக்டர் அம்மா செல்லுல படத்தத் தொறந்துக்கிட்டு, அது பாதியில நிக்க நிக்க என்னயப் பாத்து முறைக்காவ. இன்னைக்குச் சரியாவலன்னா உங்க முதலாளிகிட்டப் பேசிக்கிடுதேன். ஆளு வேறயா, கம்பெனியே வேறயான்னு அவரே சொல்லட்டும்" என்று சொன்னார். அதில் எவ்வளவு காதில் விழுந்தது, எவ்வளவு அவருடைய உதட்டிலும் புருவத்திலும் படித்தது என்பதை எபனேசர் இப்போது பிரித்துப் பார்க்க முயன்று, களைத்து, விட்டுவிட்டார். வைஃபை சோதிக்கும் கருவியைக் கையில் ஏந்தி, கர்ப்பிணியைப் போல மெதுவாக, மாடித் தாழ்வாரத்தில் இரண்டு நடை நடந்தார். திரையில் அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் ஏறி இறங்கின: எதிர்ச்சாரி லாட்ஜ், செல்போன் கடை, 'மாமனார் வீடு' என்று யாரோ ஒரு குறும்பன் வைத்த பெயர். ஸ்கேன் சென்டரின் பெயர் உச்சியில் நின்றது. பலமாக நின்றது. அலைவரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று மோதவும் இல்லை. பிறகு அந்தப் பெயர் திடீரென்று பட்டியலிலிருந்தே காணாமற்போனது; கொஞ்சம் பொறுத்து, ஒன்றும் நடவாததுபோல் உச்சியில் வந்து அமர்ந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. காற்றில் குற்றமில்லை. பெட்டி செத்துச் செத்துப் பிழைக்கிறது. அதற்கு மின்சாரமும் செய்தியும் கொண்டுவருகிற கம்பியில் எங்கோ இற்றுப்போயிருக்கிறது. வைஃபை என்று சொல்லிக்கொண்டாலும் முக்கால்வாசித் தூரம் அது கம்பியில்தான் வருகிறது. கடைசி நான்கடியைத்தான் காற்றில் தாண்டுகிறது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கிக்கொண்டதில்லை. காதில் வாங்கிக்கொள்வது. நல்ல சொல்தான் வந்து மாட்டியது இந்த நேரத்தில்.

கம்பியைச் சோதிக்க வேண்டுமானால் இந்த முனையில், கேபிள்கள் எல்லாம் வந்து செருகும் சுவிட்ச் பெட்டியிலிருந்து அதைப் பிடுங்கி, அறுந்த இடத்தைக் காட்டும் டெஸ்டரில் செருக வேண்டும். பிடுங்க வேண்டுமானால் அது எது என்று தெரிய வேண்டும். சுவிட்சின் விளக்கைச் சிமிட்டவைத்துக் கண்டுபிடிக்கிற வேறொரு வழி உண்டு. நான்கைந்து மாதமாக அந்த வழியில்தான் அவர் தம் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். டெஸ்டரை அந்த முனையில் மாட்டினால் இந்த முனையில் ஒரு விளக்கு மட்டும் சீராகச் சிமிட்டும். கண் போதும், காது வேண்டாம். பள்ளிக்கூடத்தில், வங்கியில், ஜவுளிக்கடையில், அப்படியே தப்பித்து வந்துவிட்டார். ஆனால் விளக்கு உயிருள்ள கம்பியில்தான் சிமிட்டும். குற்றுயிராய்க் கிடக்கிற இந்தக் கம்பியில் ஒருமுறை சிமிட்டியதா இல்லையா என்று அவர் பார்ப்பதற்குள் அணைந்தது. பிறகு இருண்டே கிடந்தது. ஒலி அப்படியன்று. ஒலி செத்த கம்பியிலும் ஓடும். அதனால்தான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கத்தும்போது சிவப்பாக எரிகிற புதிய ப்ரோப் ஒன்று கம்பெனியில் இருக்கிறது. அதைக் கேட்டால், 'பழசுக்கு என்ன கேடு?' என்று முதலாளி ஸ்டான்லி கேட்பார். பழசுக்கு ஒரு கேடும் இல்லை. ஸ்டான்லி கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் பரவாயில்லை, திட்டிக்கொண்டாவது வெளியேறலாம். நல்லவர் தோளில் கைபோட்டு, "போதும் அண்ணாச்சி, உழைச்சது போதும், வீட்ல இருங்க" என்பார். அந்தக் கை தம் தோளில் விழுவதை எபனேசர் பலமுறை உணர்ந்துவிட்டார், பஸ்ஸில், படுக்கையில், கோயில் பெஞ்சில். ஒவ்வொரு முறையும் தோளைச் சற்றுச் சாய்த்து அதை வழுக்கிவிடச் செய்தார்.

மீண்டும் முதல் கேபிளிலிருந்து. மூக்கு நகர்ந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ப்ரோபின் வயிற்றில் விரலை வைத்தால் ஒரு நடுக்கம் தெரிந்தது. ஆனால் அருகருகே கட்டிய கேபிள்கள் ஒன்றின் ஒலியை மற்றொன்று வாங்கிக்கொள்ளும், ஆகவே கொத்து முழுவதும் நடுங்குவதுபோலத்தான் இருந்தது, எது தாய், எது பிள்ளை என்று விரலுக்குப் பிடிபடவில்லை. வீட்டிலும் இப்படித்தான் செய்து பார்த்தார். மனைவி ஞானசெல்வத்துக்குக் காய்ச்சல் வந்த அந்த வாரம். தெர்மாமீட்டரை அவளுடைய கக்கத்தில் வைத்துவிட்டு, அது கூப்பிடட்டும் என்று கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அமர்ந்திருந்தார். அவள் கண்ணைத் திறந்து, "அது அப்பமே கத்தி ஓஞ்சிட்டுது. எடுக்காம என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றாள். ஏதோ யோசனை என்றார். மறுநாள் அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போனபின் கதவைச் சாத்தி, டோனரையும் ப்ரோபையும் மேசைமேல் நேருக்கு நேர் வைத்து, ப்ரோபை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார். விரலில் நடுங்கியது. காதில் ஒன்றுமில்லை. மற்றக் காதில். ஒன்றுமில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிய பேட்டரி வாங்கிவந்து போட்டதையும், பழைய பேட்டரியைச் சுவர்க்கடிகாரத்தில் போட்டுப் பார்த்தபோது அது நன்றாக ஓடியதையும் நினைத்தால் இப்போதும் கன்னம் சுட்டது. அப்பா பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் தறிகளுக்கு நடுவே நின்றவர். அவருக்குக் காது போனதற்குக் காரணம் இருந்தது, ஆலையைத் திட்டலாம். இவருக்கு யாரைத் திட்டுவது? அப்பாவிடம் முதலில் எல்லோரும் கத்திப் பேசினார்கள். பிறகு சுருக்கிப் பேசினார்கள். பிறகு, யாரும் திட்டமிடாமலேயே, பேச்சை விட்டுவிட்டார்கள். அவர் சாப்பாட்டுக்கு நடுவில் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்து, யார் சிரித்தாலும் தாமும் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டிலும் அந்தச் சிரிப்பு. பெரியம்மாவின் சாவு வீட்டிலும் அதே சிரிப்பு வந்து நின்று, அவள் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலையில் எபனேசர் கீழே காத்திருப்போர் கூடத்தைக் கடக்கும்போது, ஸ்கேன் அறையின் கண்ணாடிக் கதவில் அப்பாவின் சிரிப்பு தம் முகத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவர் சிரித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானே ஆயிற்று. வினோலியா மஸ்கட்டிலிருந்து பேசினாள். மகள் எப்போதும் தாயிடந்தான் பேசுவாள். அன்றைக்கு ஞானசெல்வம் ஆராதனை முடிந்து இன்னும் வரவில்லை, கைப்பேசி அவர் கையில் அகப்பட்டுக்கொண்டது. கைப்பேசிக்குள் வந்த குரல் துணிபோட்டு மூடியதுபோல் இருந்தது. உயிரெழுத்துகள் வந்தன, மெய்யெழுத்துகள் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. மகளின் பேச்சிலிருந்து எலும்புகளை எல்லாம் உருவிவிட்டு, சதையை மட்டும் யாரோ அனுப்புவதுபோல. அவள் நீளமாகச் சொன்னாள். நடுவில் ஒருமுறை நிறுத்தினாள். அவர் "ம்" என்றார். மீண்டும் சொன்னாள், குரல் ஒரு படி ஏறி, பிறகு இறங்கிற்று. முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த இடத்தில் ஏதாவது வைக்க வேண்டும். அவர், தாம் எப்போதும் வைப்பதை எடுத்து வைத்தார். "ரொம்ப சந்தோஷம்மா." பிறகு இணைப்பு அறுந்ததைக் கைப்பேசி வெளிச்சங்காட்டிச் சொன்னது. அன்று முதல் அவளாகக் கூப்பிடவில்லை, தினமும் கூப்பிடுகிறவள். "பிள்ள என்னமோ மொகத்த தூக்கி வச்சிருக்கா. நானாக் கூப்பிட்டா, 'எம்மா, அப்பாகிட்டச் சொல்லியாச்சு, அவ்வளவுதான்'ங்கா. நீங்க என்ன சொன்னீக அவகிட்ட?" என்று ஞானசெல்வம் கேட்டபோது, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டதால், அவர் மறுபடி சொல்லச்சொல்லி, அதற்கும் ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டு, "ஒண்ணுஞ் சொல்லலயே" என்றார். சொன்னதுதான் இப்படி உறுத்துகிறது. எதற்குச் சந்தோஷம் என்று சொன்னோம்? அவளுக்கு உடம்புக்கு ஏதாவது? மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதா? சந்தோஷம்மா. வீட்டு உரிமையாளன் காலிசெய்யச் சொல்லிவிட்டானா? ரொம்ப சந்தோஷம்மா. ஒவ்வொரு துன்பமாக எடுத்து அந்தச் சொல்லின் முன்னால் நிறுத்திப் பார்த்தார். அந்தச் சொல் எல்லாவற்றையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்தது. என்ன சொன்னாய் என்று கேட்டு எழுதி அனுப்ப மூன்று முறை எடுத்தார், மூன்று முறையும் அழித்தார். ஏன் அப்போதே கேட்கவில்லை என்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

கால் மரத்துப்போயிற்று. எழுந்தால் கொத்து நழுவிவிடும். நடுவரிசையில் மூன்றாவதோ நான்காவதோ இருக்க வேண்டும். அன்று இழுக்கும்போது மாடிக் கேபிள்களை வலப்பக்கமாகத்தான் கொண்டுவந்தோம். ஆனால் இரண்டு வருடத்துக்குமுன், சுவிட்சுகளைத் தாங்கும் இரும்புச் சட்டமான ராக்கை இடம் மாற்றியபோது எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டினார்கள். குருட்டாம்போக்கில் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாம். சரியாக இருந்தால் வேலை முடிந்தது. தவறாக இருந்தால்? ஸ்கேன் எந்திரத்தின் கேபிளும் இதற்குள்தான் இருக்கிறது. எந்திரத்துக்குள் இப்போது ஒருவர் படுத்திருக்கிறார்; சற்றுமுன் அவரை உள்ளே கொண்டு போகும்போது எபனேசர் பார்த்தார், அறுபது வயதிருக்கும், பெரிய உடம்பு, அசையக்கூடாது என்று சொன்னதும் குழந்தையைப் போலத் தலையாட்டினார். பாதிப் படத்தில் கம்பியைப் பிடுங்கினால் அவரை மறுபடியும் முதலிலிருந்து படுக்கவைப்பார்கள். மருந்து ஏற்றியிருந்தால் அதுவும் மறுபடி. மனத்தளவில் அவர் நான்காவது கேபிளைப் பிடுங்கினார். வெளியே யாரோ கத்தினார்கள். அந்தக் கத்தலும் அவருக்குக் கேட்கவில்லை. விரல் உண்மையிலேயே நான்காவது கேபிளைச் சுவிட்சில் பிடித்திருக்கும் கொக்கியை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டு, சட்டென்று எடுத்துவிட்டார். இன்னும் ஒருமுறை, மெதுவாக, கடைசியிலிருந்து. அறைக்குள் வெளிச்சம் மாறியது. யாரோ கதவருகே நிற்கிறார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. திரும்பினார்.

டோக்கன் கொடுக்கிற ஆவுடையம்மாள். நாற்பது வயது, கொண்டையில் கனகாம்பரம், காத்திருக்கிற அத்தனை பேரையும் ஒரே அதட்டலில் அமரவைக்கிறவள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு காதைக் கையால் பொத்தியிருந்தாள். "அது என்ன அண்ணாச்சி, சிள்வண்டு கணக்கா இந்தக் கத்து கத்துது? கவுண்டர் வரைக்கும் கேக்கு. மேனேஜர் சார் என்ன எழவுன்னு பாத்துட்டு வரச் சொன்னாவ." எபனேசர் கையிலிருந்த ப்ரோபைப் பார்த்தார். அது சாதுவாக, வாய் மூடி இருந்தது. இவ்வளவு நேரமும் கத்தியிருக்கிறது. நூறு முறை கத்தியிருக்கிறது. சரியான கம்பியைத் தொட்டபோதெல்லாம் இதுதான் இதுதான் என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறது. அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். கோபமோ அவமானமோ வரும் என்று காத்திருந்தார். வந்தது அயர்ச்சிதான். கூடவே, களைத்த மனிதனுக்கு மட்டும் தோன்றுகிற ஒரு கள்ளத்தனமும் வந்தது. "ஆமா, கத்தும்" என்றார். "எனக்குக் கை ஓஞ்சுபோச்சும்மா. இத கொஞ்சம் பிடிங்க. ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே வாங்க. எதுல சத்தம் பெலமா இருக்கோ அங்க நிறுத்துங்க." அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அருவருப்போடு இரண்டு விரலால் ப்ரோபை வாங்கினாள். "ஷாக் அடிக்காதுல்லா?" "அடிக்காது." "அடிச்சா எம் பிள்ளையளுக்கு நீங்கதான் சோறு போடணும், சொல்லிட்டேன்." நகர்த்தினாள். அவருடைய கண் ப்ரோபில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது. அங்கே ஒலி வருவதும் போவதும் வெயிலும் நிழலும்போலத் தெரிந்தது. புருவம் ஏறியது. இறங்கியது. பிறகு முகம் முழுவதும் சுருங்கிற்று. "யம்மா! இதுதான். பல்லு கூசுது."

மேல்வரிசையில், கடைசிக்கு முந்தியது. மாடிக் கேபிள் இருக்க வழியே இல்லாத இடம். எபனேசர் அந்தக் கொக்கியில் விரலை வைத்தார். பிடுங்கவில்லை. எந்திரத்துக்குள் படுத்திருக்கிற பெரிய உடம்புக்காரர் அசையாமல் இருந்தார். "நல்லா கேட்டீங்களாம்மா? பக்கத்துலயும் அப்படிக் கேக்கும், அத விட இதுல பெலமா?" ஆவுடையம்மாள் மறுபடி தொட்டுக்காட்டினாள். மறுபடியும் முகம் சுருங்கியது. பிறகு அந்தச் சுருக்கம் மெல்ல விலகி, அவள் அவரைப் பார்த்தாள், ப்ரோபைப் பார்த்தாள், அவருடைய காதைப் பார்த்தாள். "இதுக்குமேல என்னத்தக் கேக்கணும்? உங்களுக்குக் கேக்கலையா?" இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் நான்கைந்து மாதமாக அணிவகுத்து நின்றன: ஏ.சி. சத்தம் அதிகம், சளி பிடித்திருக்கிறது, ஏதோ யோசனை. ஒவ்வொன்றாக அவர் அவற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் நடுங்கவில்லை. "கேக்கல" என்றார்.

சொன்னபின் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆவுடையம்மாள், "அதான பாத்தேன்" என்றாள், குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து. "காலைல மூணு தடவ அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிடுதேன், திரும்பிச் சிரிச்சிட்டுப் போறீக. ஆளு பெரிய இவருன்னு நெனப்புன்னு நானும் மனசுக்குள்ள வஞ்சிட்டேன். சரி, பிடுங்கணும்னா பிடுங்குங்க, டோக்கனுக்கு ஆளு நிக்கி." பிடுங்கினார். வெளியே யாரும் கத்தவில்லை; அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். கேபிளை டெஸ்டரில் செருகினார். திரை யோசித்தது. கேபிளுக்குள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளில் இரண்டு அறுந்திருப்பதாகவும், அறுந்த இடம் மறுமுனைக்கு மூன்று மீட்டர் இந்தப் பக்கம் என்றும் காட்டியது. கூரைக்குள் இல்லை, எலி கடிக்கவில்லை. பெட்டிக்குக் கீழே, சுவரில், ஒரு நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கிற சாக்கெட்டில். மாடிக்குப் போனார். ஆவுடையம்மாள் டோக்கனை மறந்து பின்னாலேயே வந்தாள். நாட்காட்டியை அகற்றினார். சாக்கெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. இந்தக் கட்டடத்தில் நெற்றியில் பொட்டு இல்லாத பொருளே இல்லை. எக்ஸ்ரே எந்திரத்துக்கும், தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரத்துக்கும், ராக்குக்கும் கூட உண்டு. ஆகவே காலையில் ஏணி போட்டபோது நாட்காட்டியின் ஓரத்தில் எட்டிப் பார்த்த இந்தப் பொட்டும் கண்ணில் பட்டு, மனத்தில் படாமல் போயிற்று. திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தார். பன்னீரில் குழைத்த சந்தனம் கேபிள் செருகும் துளைக்குள் வழிந்து, ஐப்பசி மழையின் ஈரத்தைக் குடித்து, செம்புக் கம்பிகளை எல்லாம் பச்சையாகத் தின்றிருந்தது. இரண்டு கம்பிகள் தொட்டதும் உதிர்ந்தன. அவர் திரும்பி ஆவுடையம்மாளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் வச்சேன்" என்றாள் கடைசியில். "எல்லாத்துக்கும் வச்சாச்சு, இது ஒண்ணு மட்டும் மூளியா நின்னுது. பாவமா இருந்துச்சு. கொஞ்சம் தாராளமா வச்சிட்டேன் போலுக்கு." எபனேசருக்குச் சிரிப்பு வந்தது. யாரோ சிரித்ததற்காக வந்த சிரிப்பன்று என்பதை அவர் கவனித்தார்.

புதிய சாக்கெட் பையில் இருந்தது. கம்பிகளைச் சீவி, நிறம் பார்த்து அடுக்கி, அழுத்தி, இரண்டு முனையையும் மாட்டினார். வைஃபை பெட்டியின் விளக்கு சிவந்து, மஞ்சளாகி, பச்சையில் நிலைத்தது. சோதிக்கும் கருவியை ஏந்திக்கொண்டு தாழ்வாரத்தில் மறுபடியும் இரண்டு நடை. பெயர் உச்சியிலேயே நின்றது. அவர் அதை நம்பாமல் மூன்றாம் நடையும் நடந்தார். அப்போது கோமதிநாயகம் பின்புறமாக வந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும், ஏனெனில் ஆவுடையம்மாள் படியிலிருந்தே, ஊருக்குக் கேட்கும்படி, "சார், அண்ணாச்சிக்குக் காது கேக்காது, முன்னால போயிப் பேசுங்க!" என்று கூவினாள். இந்த வாக்கியம் மட்டும் எழுத்து எழுத்தாகக் கேட்டது. ஐந்து மாதம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு நொடியில் தாழ்வாரம் முழுவதும் சிதறிக் கிடந்தது. இரண்டு நோயாளிகளும் ஒரு நர்ஸும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜர் சுற்றிவந்து எதிரில் நின்றார். அந்த முகத்தில் என்ன வரப்போகிறது என்று எபனேசர் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் தானாகச் சற்றுச் சாய்ந்தது. கோமதிநாயகம் வாயை அகலத் திறந்து, "நெட்டு வந்துட்டுதாவே?" என்று கத்தினார். "வந்துட்டுது சார்." "இனி போவாதுல்லா?" "சந்தனம் வைக்காம இருந்தா போவாது." மேனேஜர் ஆவுடையம்மாளைப் பார்த்தார், அவள் கவுண்டருக்கு விரைந்துவிட்டாள். அவர் ஸ்டான்லியிடம் சொல்வாரா? சொல்வார். இன்றைக்கோ நாளைக்கோ, கெடுதல் நினைக்காமல், பேச்சோடு பேச்சாகச் சொல்வார். அதற்குமுன் நாமே சொல்லிவிடலாம். சிவப்பு எரிகிற அந்தப் புதிய ப்ரோபைக் கொடுங்கள் என்று கேட்கலாம். கொடுத்தால் வேலை, கொடுக்காவிட்டால் வீடு. இரண்டில் எது வந்தாலும் இன்றைக்கு அதைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

கீழே காத்திருப்போர் கூடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். ஸ்கேன் அறைக் கதவு திறந்து, பெரிய உடம்புக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முழுப் படமும் எடுத்தாயிற்று போலும். எபனேசர் கைப்பேசியை எடுத்து, ஒற்றை விரலால், அழிக்காமல் எழுதினார். 'ஞாயித்துக்கிழமை நீ பேசினது எனக்குக் கேக்கல பிள்ள. எனக்குக் காது கேக்கல. அஞ்சு மாசமா. என்ன சொன்னன்னு எழுதி அனுப்பு.' அனுப்பிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பேசக்கூடாது என்னும் அறிவிப்பைப் படித்தார். கைதவறி அதிலும் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. பதில் வந்தது. 'இந்த வருசமும் கிறிஸ்மஸுக்கு லீவு கெடைக்கல, வர முடியாதுன்னு சொன்னேன்ப்பா. நீங்க ரொம்ப சந்தோஷம்மான்னு சொன்னீங்க.' இவ்வளவுதான். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. யார் வேலையும் போகவில்லை. மூன்று நாளாகத் தாம் எழுப்பி நிறுத்திய துன்பங்கள் எல்லாம் அந்தக் கூடத்தை விட்டு எழுந்து போவதைப் பார்த்தார். அவை போன இடத்தில், அவற்றைவிடச் சிறியதாக, அவற்றைவிடக் கனமாக இது ஒன்று அமர்ந்தது. அவள் வராத மூன்றாவது கிறிஸ்துமஸ். மரத்தில் கட்டுவதற்கு நட்சத்திரம் வாங்கக்கூட ஞானசெல்வம் சொல்லிவைத்திருந்தாள். நீளமாக விளக்கி எழுதத் தொடங்கினார். விளக்கம் வளர்ந்துகொண்டே போயிற்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'சந்தோஷம் இல்ல பிள்ள' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

தலையை நிமிர்த்தியபோது கூடத்திலிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தார். கவுண்டரிலிருந்து ஆவுடையம்மாள் தன் காதைத் தட்டிக்காட்டி, பிறகு அவர் மடியிலிருந்த பையைக் காட்டினாள். எபனேசர் பையைத் திறந்தார். அணைக்க மறந்த டோனரும் அணைக்க மறந்த ப்ரோபும் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. விரல் வைத்ததும் நடுக்கம் தெரிந்தது. பொத்தானை அழுத்தினார். நடுக்கம் நின்றது. கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் முன்னைக்கும் இப்போதைக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. பையை மூடி எழப்போனார். அப்போது மீண்டும் ஒரு நடுக்கம், இந்தமுறை இடக்கையில், கைப்பேசியில். ஒன்று, அதைத் தொடர்ந்து இன்னொன்று, அதைத் தொடர்ந்து இன்னொன்று. அவர் மறுபடியும் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.